வாசகர் கேள்வி-பதில்: மன்னவனூர் வானத்தில் போன விளக்கு வரிசை

போன இதழில் மன்னவனூர் வாசகர் ஒருவரின் கேள்வியைப் போட்டு, பதிலை அடுத்த இதழில் விரிவாகச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதற்குள் கொடைக்கானலின் மேல்மலை, கீழ்மலை இரண்டு பக்கமிருந்தும் பறக்கும் தட்டு பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப்பேர் நம்புகிறவர்கள், மீதிப்பேர் நம்புகிறவர்களைத் திட்டுகிறவர்கள். அதனால் இந்த முறை முழுக்க இதே விஷயம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

கேரட் காட்டில் பன்றிக் காவலுக்கு இருந்தபோது, இருட்டிக் கொஞ்ச நேரத்தில், வானத்தில் இருபதுக்கு மேல் விளக்குகள் ஒரே கோட்டில் ரயில் மாதிரி போனதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. பாதி வானம் வந்ததும் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டது. மச்சினன் மகன் வேற்றுக்கிரக வாகனம் என்கிறான். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் குடிக்கிற ஆள் இல்லை. அது என்ன? - மன்னவனூர்

அண்ணா, நீங்கள் பார்த்தது நிஜம். முதலில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் நான்கு அடையாளமும் (ஒரே கோடு, ஒரே வேகம், சத்தமின்மை, பாதி வானத்தில் அணைவது) ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கு அப்படியே பொருந்துகின்றன. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணைய சேவைக்காக அனுப்புகிறவை அவை. 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பினார்கள். இப்போது அவை பெரிதாகிவிட்டதால் ஒரு தடவைக்கு இருபது சொச்சம். ராக்கெட்டிலிருந்து இறங்கிய முதல் சில நாட்கள் எல்லாம் ஒட்டியொட்டி வரிசையாகப் போகும், அப்புறம் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி ஒன்றிலிருந்து ஒன்று விலகிவிடும். அதனால்தான் ஒருநாள் பார்த்தவர் அடுத்த மாதம் அதே இடத்தில் காத்திருந்தாலும் அந்த வரிசை வராது.

அணைந்ததுதானே உங்களை ரொம்ப உலுக்கியிருக்கிறது? அவற்றில் விளக்கே கிடையாது. உங்கள் காட்டில் பொழுது சாய்ந்திருந்தாலும் அத்தனை உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது, அந்த வெயில் பட்டு மின்னுகின்றன. பூமியின் நிழலுக்குள் முதல் செயற்கைக்கோள் நுழைந்ததும் அது மறைகிறது, பின்னால் வருவது அதே இடத்துக்கு வந்ததும் அதுவும் மறைகிறது, அப்படியே கடைசி வரை. நடுராத்திரியில் பெரும்பாலும் தெரியாமல், பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்னும் மட்டும் தெரிவதற்குக் காரணமும் இதுதான். 2021 டிசம்பரில் பஞ்சாப், ஜம்மு பக்கம் இதே வரிசையைப் பார்த்து ஊரே மொட்டை மாடிக்கு ஏறியது, செய்திகளிலும் வந்தது.

நீங்கள் தேதி எழுதவில்லை. தேதியும் மணியும் இருந்தால், எந்தத் தொகுதி அப்போது கொடைக்கானலுக்கு மேலே போனது என்று கைபேசியிலேயே பார்த்துவிடலாம், அதற்கென்று செயலிகள் இருக்கின்றன. மச்சினன் மகனையே தேடச் சொல்லுங்கள், இத்தனை ஆர்வம் உள்ள பையன் தேடிக் கண்டுபிடித்துவிடுவான்.

பூண்டு ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வரும்போது மேற்கே ஒரு பெரிய வெளிச்சம், எங்கள் கூடவே வந்தது. வளைவில் மறைந்து அந்தப் பக்கம் வந்து நின்றது. நிறம் மாறியது, ஆடியது. டிரைவர் தம்பியும் பார்த்தார். மூன்று நாள் தொடர்ந்து வந்தது. இது செயற்கைக்கோள் இல்லையே? - பூம்பாறை வாசகி

இல்லை அம்மா. பொழுது சாய்ந்த பிறகு மேற்கே, மற்ற எல்லா நட்சத்திரத்தையும் விடப் பிரகாசமாக, மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே பக்கம் என்றால் அது வெள்ளிக் கோள். நிலாவுக்கு அடுத்தபடி இரவு வானத்தில் பெரிய வெளிச்சம் அதுதான், உலகம் முழுக்கப் பறக்கும் தட்டு என்று அதிகமாகப் புகார் செய்யப்படுகிற பொருட்களில் ஒன்றும் அதுதான்.

கூடவே வருகிற மாதிரி இருப்பதற்கு அதன் தூரம் காரணம். ஜீப் ஓடும்போது பக்கத்து யூக்கலிப்டஸ் மரம் சட்டென்று பின்னால் போகிறது, எதிர் மலை மெதுவாகப் போகிறது, கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பது நகரவே நகராது. எல்லாம் பின்னால் போக அது மட்டும் நின்றால், நம்மோடு வருவதாகத்தான் மனசு கணக்குப் போடும். வளைவில் இடம் மாறியது நீங்கள்தான், ஜீப் திரும்பியது. நிறம் மாறுவது, அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்த ஒளி கனத்த காற்றைத் தாண்டி வருவதால். மூட்டம் விலகிச் சேர்ந்தால் ‘கிட்டே வந்துவிட்டுப் போனது’ போலவும் தெரியும். ஆடுவது மட்டும் கண்ணுக்குள் நடக்கிறது: சுற்றிலும் இருட்டாக இருந்து ஒரே ஒரு புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால், அசையாத புள்ளியும் அசைவதாகத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றும், படித்தவர் படிக்காதவர் வித்தியாசம் இல்லை.

இதைச் சொன்னால் ‘எங்களை முட்டாள் என்கிறாயா’ என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக லடாக் கதை. 2012-ல் சீன எல்லையில் காவலுக்கு நின்ற நம் ராணுவத்தினர், ஏரிக்கு மேலே வானத்தில் வெளிச்சங்கள் வருவதைப் பல மாதம் விடாமல் பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு விமானமாக இருக்குமோ என்று சந்தேகம். சந்தேகப்படத்தான் வேண்டும், அவர்கள் வேலையே அது. கடைசியில் இந்திய வானியற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் வந்து பார்த்து, அவை வியாழனும் வெள்ளியும் என்று சொன்னார்கள். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்துகிற அதே நிறுவனம். பயிற்சி பெற்ற, ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற ராணுவ வீரர்களுக்கே அந்தக் குழப்பம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, அவர்கள் நேரத்தையும் திசையையும் குறித்துவைத்திருந்தார்கள் என்பது. அந்தக் குறிப்பு இருந்ததால்தான் விடை கிடைத்தது.

நீங்களே சோதிக்கலாம். ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கரண்ட் கம்பத்துக்கு நேராக அந்த வெளிச்சம் தெரிகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள், கம்பம் ஆடாது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. கோளானால் சுமார் நாற்பது நிமிடத்தில் ஒரு முஷ்டி அளவு கீழே இறங்கியிருக்கும். நம் மலை பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது என்பதால் பெரிதாகச் சாயாமல் கிட்டத்தட்ட நேராகவே இறங்கும். அப்படி இறங்காமல் கம்பத்தைத் தாண்டி ஓடினால் எனக்கு உடனே எழுதுங்கள், நிஜமாகவே ஆர்வமாக இருக்கிறேன்.

சின்ன வயதில் இதையெல்லாம் கொள்ளிவாய்ப் பிசாசு என்றோம். இப்போது பேரப் பிள்ளைகள் ஏலியன் என்கிறார்கள். எது சரி? - கூக்கால்

ஐயா, இரண்டும் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். சதுப்பில் அழுகுகிற செடிகொடிகளிலிருந்து எழும் வாயு எரிவது என்று கொள்ளிவாய்க்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆனால் நம் பக்கம் இரவில் தெரியும் தரை வெளிச்சங்களில் பெரும்பாலானவை எதிர்ச் சரிவில் யாரோ டார்ச்சோடு நடப்பதுதான், மூட்டத்தில் தூரமும் உயரமும் பிடிபடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் காலத்தில் வெளிச்சம் பிசாசின் வாயிலிருந்து வந்தது, இப்போது விண்கலத்திலிருந்து வருகிறது. பார்க்கிறவர் தலைக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதன் உருவத்தைத்தான் இருட்டில் ஒரு புள்ளி எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டுவிட்டது, கடற்படை வீடியோவை வெளியிட்டது, அதிகாரி நாடாளுமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னார். இன்னும் உங்களைப் போன்றவர்கள் மறைப்பது ஏன்? - வத்தலக்குண்டு ஆசிரியர்

சார், மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்வதில் எது எதுவரை உண்மை என்று பார்ப்போம்.

வீடியோ உண்மை. 2004-லும் 2014-15 வாக்கிலும் கடற்படை விமானிகள் எடுத்த மூன்று வீடியோக்களை 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உளவுத் துறை ஒரு அறிக்கை கொடுத்தது: 144 நிகழ்ச்சிகளில் ஒன்றைத்தான் உறுதியாக விளக்க முடிந்தது, அது காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். மற்ற 143-க்கும் விளக்கம் இல்லை என்றதும் செய்திகள் பற்றிக்கொண்டன. அறிக்கை சொன்ன காரணத்தை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. போதுமான தகவல் இல்லை என்பதுதான் அது. தகவல் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், வேற்றுக்கிரகத்தாரையும் வைக்கலாம், அதனால் அது ஆதாரம் ஆகிவிடாது.

சத்தியம் செய்தவர் டேவிட் கிரஷ், முன்னாள் உளவுத் துறை அதிகாரி, 2023 ஜூலை. விழுந்த விண்கலங்களை அரசு ஒளித்து வைத்திருக்கிறது என்றார். அவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை, பிறர் தனக்குச் சொன்னதைச் சொன்னார். 2024 மார்ச்சில் பென்டகனின் இதற்கென்றே உள்ள அலுவலகம், 1945-லிருந்து நடந்த விசாரணைகளை எல்லாம் அலசி, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது. ‘பூனையைக் கேட்டால் பால் குடிக்கவில்லை என்றுதானே சொல்லும்’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் அந்த அரசு முன்பு பொய் சொல்லியிருக்கிறது.

1947-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பக்கம் ஏதோ விழுந்தது. முதலில் பறக்கும் தட்டு கிடைத்தது என்று ராணுவத் தளமே அறிவித்தது, உடனே வானிலை பலூன் என்று மாற்றியது. 1994-ல்தான் விமானப்படை விஷயத்தைச் சொன்னது: அது மோகல் என்ற ரகசியத் திட்டத்தின் பலூன், சோவியத் அணுகுண்டுச் சோதனையின் சத்தத்தை மேல்வானத்தில் ஒட்டுக்கேட்க அனுப்பியது. ஆக நம்புகிறவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, ஒளித்தார்கள் என்பது சரி. ஒளித்தது அணுகுண்டு உளவை. சந்தேகப்படுகிற என்னைப் போன்றவர்கள் இந்த முதல் பாதியை ஒத்துக்கொள்ளாமல் கேலி செய்வதால்தான் பேச்சே நடக்காமல் போகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கு. 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை விசாரித்து, ‘புளூ புக்’ என்ற திட்டத்தின் கணக்கில் சேர்த்த புகார்கள் 12,618. விளக்கம் கிடைக்காமல் நின்றவை 701, நூற்றுக்கு ஐந்தரை. இந்த 701-ஐ உங்கள் பக்கத்துக்கு எழுதிக்கொள்ளாதீர்கள், நானும் என் பக்கத்துக்கு எழுதிக்கொள்ளவில்லை. அவை அப்படியே திறந்தே கிடக்கட்டும். திருடன் அகப்படாத வழக்கு என்றால் பேய் திருடியது என்று காவல் நிலையத்தில் எழுதமாட்டார்கள் அல்லவா?

சிவப்பாக எரிந்துகொண்டு, துண்டு துண்டாக உடைந்தபடி, மெதுவாக வானத்தைக் கடந்தது. எரிநட்சத்திரமா, விழுந்த விண்கலமா? - ஒட்டன்சத்திரம்

எரிநட்சத்திரம் என்றால் ஓரிரண்டு வினாடியில் கதை முடிந்திருக்கும். மெதுவாக, உடைந்துகொண்டே, அரை நிமிடத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் காலாவதியான ராக்கெட்டோ செயற்கைக்கோளோ காற்றில் எரிவது. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிப் பார்த்தார்கள், அது சீன ராக்கெட்டின் பகுதி. சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது. அப்படி எதையாவது கண்டால் தொடாதீர்கள், எரிபொருள் மிச்சம் நச்சாக இருக்கலாம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் கற்திட்டைகளை வேற்றுக்கிரகத்தார் கட்டியதாக யூடியூபில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கல்லை மனிதன் தூக்கியிருக்க முடியாது என்கிறார்கள். உண்மையா? - தாண்டிக்குடி, பிளஸ் டூ மாணவி

பொய். இந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கோபமே வருகிறது, உன் மேல் இல்லை அம்மா.

பழனி மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலை என்று பல இடங்களில் இருக்கும் கற்திட்டைகள் (பலகைக் கற்களை வீடு போல நிறுத்தி மூடியவை) இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. 1920-களில் செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் மலை மலையாக நடந்து அவற்றை அளந்து பதிவு செய்தார்கள். அப்புறம் தாண்டிக்குடியில் தொல்லியல் அகழாய்வும் நடந்தது. இந்த மாதிரி ஈமச் சின்னங்களைத் தோண்டினால் கிடைப்பவை கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், பாசிமணிகள். நட்சத்திரம் தாண்டி வந்தவன் மண்பானையில் சோறு வைத்துவிட்டா போனான்?

கல்லை எப்படித் தூக்கினார்கள் என்றால், எடுத்த கல் இந்த மலையிலேயே பலகை பலகையாகப் பிளக்கிற பாறை. நெம்புகோல், கயிறு, உருளைக்கட்டை, மண் சரிவு, முக்கியமாக ஊர் முழுக்க ஆட்கள். இன்றைக்கும் கொக்கி கட்டி, கம்பி போட்டு, ‘ஐலசா’ சொல்லிப் பத்துப் பேர் ஒரு பாறையைப் புரட்டுவதை உங்கள் ஊரிலேயே நீ பார்த்திருப்பாய். ஊர்ப் பெரியவர்கள் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று சொல்வது வேறு, அது தங்கள் மண்ணின் மேல் அவர்கள் கட்டிய கதை. ஆனால் வீடியோக்காரர்கள் சொல்வதன் உள்ளர்த்தம், உன் முன்னோருக்குப் புத்தியும் பலமும் இல்லை என்பது. எகிப்துக்காரனைப் பார்த்தும் இதையே சொல்கிறார்கள், மாயன்களைப் பார்த்தும் இதையே. நீ அந்தத் திட்டைகளுக்குப் போய் அளவெடுத்துப் படம் வரை. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றின் மேல் பெயர் கிறுக்குகிறார்கள், பலகைகளைச் சாய்க்கிறார்கள். பத்து வருடம் கழித்து உன் படம் மட்டும் மிஞ்சலாம்.

வேற்றுக்கிரகத்தில் யாரும் இருக்கிறார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா? ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அவர்களிடம் பேசத்தானா? - பழனி

இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்கள் 5,500-க்கு மேல் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டுள்ளன, அது நம் அக்கம்பக்கம் மட்டும். இங்கே வந்துபோகிறார்கள் என்பதற்கு மட்டும் ஆதாரம் பார்க்கவில்லை. தூரம் அப்படி. நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரம் சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், வினாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது, அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 75,000 ஆண்டு ஆகும். வரவே முடியாது என்று இதை வைத்துச் சொல்லவில்லை. வந்தார்கள் என்கிறவர் இவ்வளவு பெரிய விஷயத்துக்கு மங்கலான ஒரு வீடியோவைக் காட்டினால் போதாது என்கிறேன்.

ஊட்டி முத்தோரையில் இருப்பது பேசுகிற கருவி இல்லை, கேட்கிற கருவி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-லிருந்து வேலை செய்கிறது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி என்பதால், அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் வைத்தார்கள். அப்படி வைத்ததால் பூமியின் அச்சுக்கு இணையாக அது படுத்திருக்கிறது, ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். அது கவனிக்கிறவற்றில் பல்சார்களும் (ரேடியோ அலையில் சீராகத் துடிக்கும் விண்பொருட்கள்) உண்டு, பல்சாரின் கதை உங்கள் கேள்விக்கே பதில்.

1967-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் பதிவான கோடுகளில் ஒரு சின்னக் கிறுக்கலைப் பிடித்தார். விரித்துப் பார்த்தால் 1.337 வினாடிக்கு ஒரு துடிப்பு, பிசகாமல். இயற்கையில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் கண்டதில்லை. ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்குச் செல்லப்பெயர் கூட வைத்தார்கள். அன்றைக்கே பத்திரிகையைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். அவர்கள் கருவிக் கோளாறா என்று பார்த்தார்கள், பூமியிலிருந்து வருகிற இரைச்சலா என்று பார்த்தார்கள். பிறகு வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பு கிடைத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடத்திலிருந்து இரண்டு கூட்டம் ஒரே மாதிரி சைகை அனுப்புமா? வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரங்கள் என்று தெரிந்தது. ஒரு சூரியனின் எடையை ஒரு நகரத்து அளவுக்குள் அடக்கிவைத்த பொருள் ஒன்றரை வினாடிக்குள் ஒரு சுற்று சுற்றுகிறது, சில அதைவிட வேகம். பச்சை மனிதர்களை விட இது எனக்கு ஆச்சரியம்.

கொடைக்கானல் ஆய்வகத்தில் பறக்கும் தட்டு பார்த்ததுண்டா? - பண்ணைக்காடு

அவர்கள் பார்ப்பது சூரியனை, பகலில். சென்னை மாகாணப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துதான் அந்த ஆய்வகம் வந்தது. 1899-லிருந்து இயங்குகிறது. 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டார், இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரால் அது வழங்குகிறது. பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள், போய் நேரில் கேளுங்கள்.

என் மகனுக்குப் பத்து வயது. ஏலியன் வீடியோ பார்த்துவிட்டு இரவில் வாசலுக்குக் கூடப் போகமாட்டேன் என்கிறான். அதட்டியும் பலன் இல்லை. - வில்பட்டி, ஒரு தாய்

அதட்டாதீர்கள். படுக்கும் முன் கைபேசியை வாங்கிவையுங்கள், அந்த வீடியோக்கள் ஒன்று பார்த்தால் அதே வகையில் பத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். மேகம் இல்லாத இரவில் நீங்களும் கூடவே வெளியே நில்லுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் போதும். நிலாவை ஒரு சாதாரண பைனாகுலரில் காட்டுங்கள், குழிகள் தெரியும். சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் வீட்டுக்கு மேலே எப்போது போகும் என்று பார்த்துவைத்து, ‘அதோ, அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள்’ என்று சொல்லிக் காட்டுங்கள். எது எப்போது வரும் என்று தெரிந்த வானத்தைப் பார்த்து அவனுக்குப் பயம் இருக்காது.

நாங்களும் எதையாவது பார்க்க ஆசைப்படுகிறோம். எந்த இரவு நிச்சயம்? - பெருமாள்மலை, நண்பர்கள் நான்கு பேர்

டிசம்பர் 13, 14 இரவு. ஜெமினிட் எரிகற்கள் விழும் நாள், இருட்டான இடத்தில் நிலா இல்லாவிட்டால் மணிக்குப் பல டஜன் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு மேல், அவை கிளம்புவது போலத் தெரிகிற மிதுன ராசி நன்றாக உயர்ந்த பிறகு மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், நடுவில் ஒருவர் கைபேசியைத் திறந்தாலும் கெட்டுவிடும். நான்கு பேரும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: மணி, திசை, எத்தனை முஷ்டி உயரம், எத்தனை வினாடி. எழுதி முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசாதீர்கள், பேசினால் ஒருவர் பார்த்தது இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும். நான்கு தாளையும் அப்படியே எனக்கு அனுப்புங்கள், போடுகிறேன். சால்வையும் குல்லாவும் மறக்க வேண்டாம். புல்வெளிக்குப் போகாதீர்கள், அந்த நேரத்தில் காட்டுமாடு மேயும், வீட்டு மொட்டை மாடியே போதும்.